எழுத்து இரண்டாகத் தெரிந்தால் உடனே துள்ளாதீர்கள்: நாணய இரட்டிப்பைப் பிரித்தறியும் முறை

1969ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயம், எஸ் என்ற நாணயச்சாலைக் குறியுடன் (எந்த ஆலையில் அடித்தது என்பதைக் காட்டும் எழுத்து), என் கைக்கு வந்தது. ஆண்டு எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சேகரிப்பாளர்கள் ஏங்கும் இரட்டை அச்சு வகை கிடைத்துவிட்டது என்று மூன்று நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். கடைசியில் அது காசு பெறாத காசு. எங்கே ஏமாந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கணினியில் செருகும் நுண்ணோக்கியைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். அதன் வட்ட விளக்கு எல்லா ஓரங்களையும் ஒன்றுபோல மினுக்கி, மேட்டையும் தட்டையையும் குழப்பிவிடும். மேசை விளக்கு ஒன்றைச் சாய்வாக வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள்.

2. இரண்டாவது உருவம் உருண்ட மேடா, படிக்கட்டுபோலத் தட்டையா என்று பாருங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

நாணயம் அடிக்கும் அச்சைத் தயாரிக்கையில், மூல அச்சை அதன்மேல் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவது பழைய வழக்கம். மறுமுறை சற்றே விலகினால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் பதிந்துவிடும்; இதுதான் இரட்டை அச்சு. அதில் அடித்த நாணயங்கள் எல்லாவற்றிலும் அதே இரட்டிப்பு வரும். புகழ்பெற்ற 1955 சென்ட் இப்படிப் பிறந்ததுதான். இதில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் முனை மீன்வால்போலப் பிளந்திருக்கும். எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும்.

இயந்திர இரட்டிப்பு வேறு. தளர்ந்த அச்சு அடிக்கும் கணத்தில் அசைந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. அங்கே தட்டையான, பளபளக்கும் படி ஒன்று உண்டாகும். எழுத்து தடிக்காது, அதன் மேற்பகுதிதான் மெலியும். நான் கோடுகளை எண்ணினேனே தவிர, தடிமனைப் பார்க்கவில்லை. அதே ஆண்டின் சாதாரண நாணயத்தைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் புரிந்தது: என் நாணயத்தின் ‘1’ படியோடு சேர்த்தும் அதே அகலம், உச்சி மட்டும் பாதியாகத் தேய்ந்ததுபோல் இருந்தது.

3. நாணயச்சாலைக் குறியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தக் குறியை அச்சு தயாரான பிறகு தனியே கையால் குத்தினார்கள். ஆகவே உண்மையான 1969 எஸ் இரட்டை அச்சில் ஆண்டும் வாசகங்களும் இரட்டித்திருக்கும், குறி ஒற்றையாகவே இருக்கும். என்னுடையதில் குறியும் ஆண்டு எண் சாய்ந்த அதே திசையில் சாய்ந்து இரட்டித்திருந்தது. இதை முதலில் பார்த்திருந்தால் மூன்று நாள் மிச்சம். (குறி மட்டும் இரட்டித்திருந்தால் அது இருமுறை குத்தியதன் விளைவாக இருக்கலாம், அது தனி வகை.)

4. எழுத்தைச் சுற்றிப் புகைபோல மங்கலான நிழலும், தளத்தில் ஆரஞ்சுத் தோல்போன்ற சொரசொரப்பும் இருந்தால், அச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். 1955 சென்ட்டில் கடைசி ‘5’ மட்டும் இப்படி இரட்டித்ததை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று கேலியாகச் சொல்வார்கள்.

நாணயமே இருமுறை அடிபட்டிருந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் காட்டிக்கொடுக்கும். அதற்கு லென்ஸே வேண்டாம்.

பின்சேர்க்கை: மூன்றாவதாகச் சொன்ன சோதனை எல்லா ஆண்டுக்கும் செல்லுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். செல்லாது. 1990 முதல் அமெரிக்க சென்ட்டில் குறியையும், மற்ற அச்சுகளுக்கெல்லாம் மூலமான தலைமை அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். அவற்றுக்கு இரண்டாவது சோதனையை நம்புங்கள்.

இன்னொருவர் 1980களின் நாணயப் படம் ஒன்றை அனுப்பினார். எழுத்தோரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒட்டிக்கொண்டே போகிறது. 1982இல் துத்தநாகத்துக்கு மேல் மெல்லிய செப்பு முலாம் பூசும் முறை வந்தது. அடிக்கும்போது முலாம் கிழிந்து உள்ளே இருக்கும் துத்தநாகம் எட்டிப் பார்க்கிறது. கோட்டுக்குச் செம்பு நிறம் இல்லை என்றால் லென்ஸைக் கீழே வைத்துவிடலாம்.