எஸ்எஸ்7 சிக்னலை ஐபி வழியே அனுப்பலாம்: உங்கள் முதல் எம்3யுஏ இணைப்பு

ஒரு போன் அழைப்பில் நம் பேச்சு போகும் வழி வேறு. "இந்த எண்ணுக்கு மணி அடி", "அழைப்பு முடிந்தது" என்று எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வழி வேறு. இந்த இரண்டாவது வழிதான் எஸ்எஸ்7. முன்பு இதற்கென்றே 64 கிலோபிட் வேகத்தில் தனி லிங்க் போடுவார்கள். அதே செய்திகளை ஐபி வலையில் அனுப்ப, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு உருவாக்கிய நெறிமுறைக் குடும்பம் சிக்ட்ரான். அதில் பல வகை உண்டு. புதிதாகக் கற்பவர்கள் எம்3யுஏவில் தொடங்குவதே நல்லது.

ஒரு லினக்ஸ் கணினி போதும். சிம், ஆண்டெனா எதுவும் வேண்டாம்.

படி 1: எஸ்சிடிபி

எம்3யுஏ, இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் வழக்கமான நெறிமுறையான டிசிபி மேல் ஓடுவதில்லை, எஸ்சிடிபி என்ற வேறொரு நெறிமுறை மேல் ஓடுகிறது. காரணம் இருக்கிறது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். யாரோ ஒருவரின் செய்தி தொலைந்ததற்காக நூறு அழைப்புகள் தாமதமாகக் கூடாது அல்லவா? எஸ்சிடிபி ஒரே இணைப்புக்குள் பல ஸ்ட்ரீம்களைப் பிரித்து வைக்கிறது. ஒன்றில் தடங்கல் வந்தாலும் மற்றவை ஓடும். ஒரு முனைக்கு இரண்டு ஐபி முகவரி கொடுத்து, ஒரு பாதை விழுந்தால் மற்றதில் தொடரவும் முடியும்.

உங்கள் கெர்னலில் எஸ்சிடிபி மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சில லினக்ஸ்களில் அதை முடக்கி வைத்திருப்பார்கள்.

படி 2: மூன்று நிரல்கள்

மொபைல் வலைக்கான மென்பொருள்களை உருவாக்கும் ஒஸ்மோகாம் திட்டத்தின் ஒஸ்மோஎஸ்டிபி, ஒஸ்மோஎம்எஸ்சி, ஒஸ்மோபிஎஸ்சி மூன்றையும் நிறுவுங்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருள். எம்எஸ்சி என்பது மொபைல் அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச், பிஎஸ்சி என்பது டவர்களைக் கட்டுப்படுத்துவது. நடுவில் நின்று செய்திகளை வழிப்படுத்துவது எஸ்டிபி. அது 127.0.0.1 முகவரியில், 2905 போர்ட்டில் காத்திருக்கும்படி அமைப்புக் கோப்பைச் சரிபாருங்கள்.

படி 3: வயர்ஷார்க்கில் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல் வயர்ஷார்க். மூன்று நிரல்களையும் ஓட்டும் முன்பே அதைத் திறந்து, லூப்பேக்கில் (கணினி தனக்குள்ளேயே பேசும் வழி) பதிவைத் தொடங்கி, எஸ்சிடிபி என்று வடிகட்டுங்கள். முதலில் எஸ்டிபியை ஓட்டுங்கள், அப்புறம் மற்ற இரண்டையும்.

இனிட், இனிட் ஆக், குக்கி எக்கோ, குக்கி ஆக் என நான்கு செய்திகள் (ஆக் என்றால் "கிடைத்தது" என்ற ஒப்புதல்) தெரிந்தால் எஸ்சிடிபி எழுந்துவிட்டது. ஆனால் எம்3யுஏ இன்னும் எழவில்லை! எம்எஸ்சியும் பிஎஸ்சியும் எஸ்டிபிக்கு அனுப்பும் ஏஎஸ்பி அப் ("நான் வந்துவிட்டேன்") செய்திக்கும், அப்புறம் ஏஎஸ்பி ஆக்டிவ் ("செய்தி அனுப்பத் தயார்") செய்திக்கும் ஆக் வரவேண்டும். இரண்டாவது ஆக் வராதவரை எந்த எஸ்எஸ்7 செய்தியும் போகாது. "இணைப்பு இருக்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆக்டிவ் ஆனதும் பிஎஸ்சி ஒரு ரீசெட் ("புதிதாகத் தொடங்குவோம்" என்ற செய்தி) அனுப்பும், எம்எஸ்சி அதற்கு ஆக் தரும். அதுதான் ஐபி வழியே போன உங்கள் முதல் எஸ்எஸ்7 செய்தி.

படி 4: பாயின்ட் கோடு

எஸ்எஸ்7 வலையில் முகவரி என்பது பாயின்ட் கோடு. ஐடியு முறையில் 14 பிட். அதை 3, 8, 3 என்று பிரித்து எழுதுவார்கள். ஒஸ்மோஎம்எஸ்சியின் இயல்பான கோடு 0.23.1. வயர்ஷார்க் அதையே 185 என்று காட்டினால் குழம்ப வேண்டாம்: 23 × 8 + 1. பிஎஸ்சி 0.23.3, அதாவது 187. ரீசெட்டுக்குப் பதில் வராவிட்டால், அதில் அனுப்புநர், பெறுநர் கோடுகளை முதலில் பாருங்கள்.

இரண்டு கணினிகளுக்கு மாற்றும்போது

ஃபயர்வாலில் டிசிபி 2905ஐத் திறந்து பயனில்லை. எஸ்சிடிபி தனி நெறிமுறை, அதன் ஐபி எண் 132. வீட்டு ரவுட்டர்களில் பலவும் அதைக் கடத்தாது. இரண்டு கணினிகளையும் ஒரே உள்ளூர் வலையில் (லேன்) வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த போர்ட்டை ஒருபோதும் பொது இணையத்துக்குத் திறக்காதீர்கள். எஸ்எஸ்7 உருவான காலத்தில் அந்த வலைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் நம்பத்தக்கவர்கள் என்றே வைத்துக்கொண்டார்கள். செய்தி அனுப்புவது யார் என்று அது சரிபார்ப்பதில்லை. இதைப் பயன்படுத்தி ஒருவரின் இருப்பிடத்தைக் கண்காணிக்கவும், அழைப்பை ஒட்டுக்கேட்கவும் முடியும் என்று 2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். வெளியே கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் தரவை மறைகுறியாக்கிக் கொண்டுசெல்லும் ஐபிசெக் சுரங்கத்துக்குள் மட்டும் அனுப்புங்கள்.