கப்பலில் மாலை உடை: எதை எடுக்கலாம், எப்படி மடிக்கலாம்

முதல் தடவை சொகுசுக் கப்பலில் ஏறியபோது என் பெட்டியில் மூன்று கோட், ஏழு முழுக்கைச் சட்டை. ஏழு இரவுப் பயணத்தில் கோட் தேவைப்பட்டது இரண்டே இரவு. அந்த இரண்டு இரவும் அது படுத்து எழுந்த துணி மாதிரி கசங்கிக் கிடந்தது. அடுத்தடுத்த பயணங்களில் தட்டித் தடவி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், இப்போது ஒரே ஒரு சின்னப் பெட்டிதான். டிக்கெட், விசாவெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், நேராகத் துணிக்கு வருகிறேன்.

படி 1: உங்கள் கப்பல் எந்தப் பெயரில் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

பயணத்தில் சில இரவுகளில் சாப்பாட்டு ஹாலுக்கு அலங்கார உடையில் வரச் சொல்வார்கள், அதுதான் ஃபார்மல் இரவு. ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் அதற்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. குனார்டில் 'காலா ஈவினிங்', கார்னிவலில் 'எலிகண்ட்', செலிபிரிட்டியில் 2015-ல் ஃபார்மல் இரவுகளை எடுத்துவிட்டு 'ஈவினிங் ஷிக்' என்று கொண்டுவந்தார்கள். நார்வேஜியனிலும் வைக்கிங்கிலும் கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். குனார்டில் காலா இரவு என்றால் ஆண்களுக்கு டக்ஸீடோ (பளபளக்கும் காலர் வைத்த விருந்து கோட்-சூட்) அல்லது அடர்நிற சூட், கழுத்தில் டை, அதுவும் மாலை ஆறு மணியிலிருந்து. கார்னிவல் எலிகண்ட் இரவுக்கு நல்ல பேண்டும் முழுக்கைச் சட்டையும் போதும், கோட் உங்கள் விருப்பம்.

'பிளாக் டை' என்று எழுதியிருந்தால் கருப்பு டை என்று அர்த்தமில்லை. டின்னர் ஜாக்கெட்டும் (டக்ஸீடோவின் கோட்) போ டையும் (பட்டாம்பூச்சி மாதிரிக் கட்டும் குட்டி டை) என்று அர்த்தம். நான் அதைப் படித்துவிட்டு மெனக்கெட்டுக் கடைக்குப் போய்க் கருப்பு நிறத்தில் நீள டை வாங்கி வந்தவன்! அடர்நிற சூட்டுக்கும் அனுமதி இருந்ததால் தலை தப்பியது.

படி 2: இரவுகளை எண்ணுங்கள்

அலங்கார இரவு பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில்தான் வரும். முதல் இரவும் கடைசி இரவும் பொதுவாகச் சாதாரண உடைதான், ஏனென்றால் முதல் நாள் பெட்டி கேபினுக்கு வந்து சேரத் தாமதமாகும், கடைசி இரவு பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஒரு எலிகண்ட் இரவு, 6 நாளோ அதற்கு மேலோ என்றால் இரண்டு. ஆக ஒரு சூட், இரண்டு சட்டை. மூன்றாவது கோட்டைத் திரும்ப அலமாரியில் மாட்டுங்கள்.

படி 3: என்ன எடுப்பது

என்னைக் கேட்டால் டக்ஸீடோ வேண்டவே வேண்டாம். கருநீலத்தில் ஒரு கம்பளி சூட் எடுங்கள், கப்பலுக்கு அப்புறமும் உதவும். லினன் பக்கமே போகாதீர்கள், சட்டென்று கசங்கும். போ டை கட்டத் தெரியாதென்றால் முன்கூட்டியே கட்டிப் பட்டையோடு வருவதை வாங்குங்கள், கிளிப் வைத்தது சூப் குடிக்கக் குனிந்தாலே ஒரு பக்கம் தொங்கும். பெண்களுக்கு ஒரே கருப்பு நீள கவுனை வேறு சால்வை, வேறு நகையோடு இரண்டு இரவும் போடலாம் என்பது என் மனைவியின் கணக்கு. அந்தச் சால்வை சாப்பாட்டு ஹால் ஏசிக்கும் ஆகும். ஊசி ஹீல்ஸ் வேண்டாம், கப்பல் ஆடும்போது தெரியும்.

படி 4: கோட்டை மடிப்பது (நான் சறுக்கிய இடம்)

நான் புத்திசாலித்தனமாக இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனேன். ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள், இறங்கும் நாளில்தான் திரும்பக் கிடைத்தது. தீப்பிடிக்கும் என்பதால் கேபினில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை, துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமருக்கும் அதே கதிதான். குனார்டு, பிரின்சஸ் கப்பல்களில் நாமே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறை உண்டு, ராயல் கரீபியனில் இல்லை. இருக்கிற கப்பலிலும் அலங்கார இரவன்று ஐந்து மணிக்குப் போனால் வரிசைதான்.

அதனால் மடிப்பில்தான் விஷயம். பாக்கெட்டுகளைக் காலி செய்யுங்கள். பொத்தானைக் கழற்றி, இடது தோளுக்குள் கையை விட்டு அந்தத் தோளை மட்டும் உள்வெளியாகப் புரட்டுங்கள். வலது தோளை அப்படியே, புரட்டாமல், அதற்குள் செருகுங்கள். இப்போது லைனிங் துணி வெளியே தெரியும், கைகள் இரண்டும் உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். நான் முதலில் இரண்டு தோளையும் புரட்டித் தொலைத்தேன், காலர் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆனது. அப்புறம் அதை டிரை கிளீனிங் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நடுவில் ஒரு பனியனைச் சுருட்டி வைத்து, அதன் மேல் ஒரே மடிப்பு. பிளாஸ்டிக் வழுக்குவதால் மடிப்பு ஒரே இடத்தில் அழுந்தாது. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

பெட்டி கேபினுக்கு வந்ததும் முதல் வேலை, கோட்டை எடுத்துக் குளியலறையில் மாட்டி, நீங்கள் வெந்நீரில் குளியுங்கள். தண்ணீர் தெறிக்காமல் ஆவி மட்டும் பட வேண்டும். பிறகு வெளியே மாட்டி, கீழ் ஓரத்தைக் கையால் மெல்ல இழுத்துவிட்டு ஒரு இரவு தொங்கவிட்டால் போதும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும், நான்கு வாங்கிப் போங்கள்.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தார்கள், முதல் நாள் சாப்பாட்டு நேரம் வரை பெட்டியே வரவில்லை, ஷார்ட்ஸோடு ஹாலுக்குப் போக முடியவில்லை என்று. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தப்பு. முதல் மாலைக்கான பேண்ட், காலர் சட்டை, ஷூ மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொருவர், கோட்டே போடமாட்டேன், பட்டினிதானா என்றார். இல்லை. பஃபே இருக்கிறது. குனார்டின் குயின் மேரி 2 கப்பலில் காலா இரவன்றும் கிங்ஸ் கோர்ட் பஃபேயிலும் கோல்டன் லயன் பப்பிலும் சாதாரணமாக உட்காரலாம். சூட்டே வேண்டாம், எங்கள் நாட்டுப் பாரம்பரிய உடையில் வரலாமா என்றும் ஒரு கேள்வி. முறையான தேசிய உடைக்குக் குனார்டிலேயே அனுமதி உண்டு, ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட்டில்தான் (பாவாடை மாதிரியான அவர்கள் ஊர் உடை) வருவார்கள்.