கைக்குழந்தையும் கொண்டை ஊசி வளைவும்: காரில் மலையேறும் குடும்பங்களுக்கு

மலைக்குக் கிளம்பும்போது முதலில் பார்ப்பது எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். சமவெளிக்கு அந்தக் கணக்கு போதும். வளைவு நிறைந்த மலைப்பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். குழந்தைக்காக நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால் 40 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குவதுதான் சரி. அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து போட்டுக்கொண்டு வாருங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதிலிருந்து ஏற்றத்துக்கான நேரத்தைக் கழித்தால் அடிவாரத்துக்கு எப்போது வர வேண்டும் என்று தெரியும். அதிலிருந்து சமவெளிப் பயண நேரத்தைக் கழித்தால் வீட்டைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரியும். அடிவாரத்துக்கு வரவே நேரமாகிவிட்டால் அங்கேயே இரவு தங்கிவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். ஓர் அறை வாடகை கூடுதலாகப் போகட்டும். இருட்டிலும் பனிமூட்டத்திலும், ஓரங்கட்ட இடமில்லாத வளைவில், பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நிலைமை வரவே கூடாது.

வண்டியைக் கிளம்பும் அன்றைக்குப் பார்க்காமல் ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர், ஸ்டெப்னியில் காற்று, இவைதான் முக்கியம். பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்தப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

அடிவாரத்தில் அரை மணி நேரம்

இந்த நிறுத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகளை இறக்கி ஓடவிடுங்கள். சிறுநீர் கழிக்கவைத்து, டயப்பர் மாற்றி, எண்ணெய் இல்லாத லேசான உணவு கொஞ்சம் கொடுங்கள். வாந்தி வரும் என்று பயந்து பட்டினி போடுவது தவறு. காலி வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் போன்றவை பொருந்தும். நிறைய பால், இனிப்பான ஜூஸ், வறுத்தது எதுவும் அப்போது வேண்டாம். பெட்ரோல் டேங்கை இங்கேயே நிரப்பிவிடுங்கள், மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு பையைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். கிழியாத, வாய் அகன்ற பிளாஸ்டிக் கவர் பத்து, வெட் டிஷ்யூ, இரண்டு சிறிய துண்டு, குழந்தைக்கு ஒரு செட் உடை, தூக்கிவைப்பவருக்கு ஒரு சட்டை, ஓஆர்எஸ் பாக்கெட், தண்ணீர். பெரியவர் சட்டையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வாந்தி ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது

வளைவில் திரும்புவதை உள்காது உணர்கிறது. ஆனால் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதோ அசையாத முன்சீட்டின் முதுகு. இந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். ஆகவே பெரிய குழந்தைக்கு முன்கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலை தெரியும்படி இடம் கொடுங்கள். பின்சீட்டின் நடுவில் மூன்று புள்ளி பெல்ட் (இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பெல்ட்) இருந்து கார் சீட்டும் சரியாகப் பொருந்தினால் அதுவே நல்ல இடம். ஏற்றத்தில் போன், புத்தகம், கலர் பென்சில் மூன்றும் கூடாது. பாட்டும் கதையும் காதால் கேட்கலாம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குங்கள், வாசனை ஸ்ப்ரேயை எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வாந்திக்கு முன்பே அறிகுறி தெரியும். வாய் ஓயாமல் பேசிய பிள்ளை திடீரென்று அமைதியாகும். கொட்டாவி விடும். உதட்டைச் சுற்றி வெளுக்கும், எச்சில் ஊறி அடிக்கடி விழுங்கும், நெற்றி குளிர்ந்து வியர்க்கும். சின்னவர்கள் "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள், குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாது. இந்தக் கட்டத்தில் பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி, இறக்கி, பத்து நிமிடம் நிற்கவைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று ஓட்டினால் சீட் கவரைக் கழுவ வேண்டியிருக்கும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்காதீர்கள். கால் மணி நேரம் விட்டு, சில நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள்.

வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைக் குழந்தை மருத்துவர் சொன்ன அளவில், கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் துறுதுறுப்பைக் கொடுக்கும். வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மாத்திரையைவிட ஓட்டுபவரின் காலும் கையும்தான் பெரிய மருந்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் மிதிக்காதீர்கள். காருக்குள் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாது என்ற அளவில் ஓட்டினால் குழந்தையின் வயிறும் தாங்கும்.

சீட்டும் ஜாக்கெட்டும்

பெல்ட்டுக்குள் பருத்த குளிர் ஜாக்கெட் வேண்டாம். ஏன் என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட்டின் அளவை மாற்றாமல் குழந்தையை எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி, மீண்டும் மாட்டுங்கள். தோளருகே கை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். மோதும்போது ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி, குழந்தை முன்னோக்கிப் பாயும் தூரம் அது. மெல்லிய உடையோடு மாட்டி, பெல்ட்டுக்கு மேலே போர்வை போர்த்துவதே சரி. மெதுவாகத்தானே போகிறோம் என்று மடியில் வைக்காதீர்கள். பால் கொடுக்கவும் வண்டியை நிறுத்துங்கள். கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எடுத்துச் சமமாகப் படுக்கவையுங்கள். தலை முன்னால் தொங்கி மோவாய் மார்பில் முட்டினால் மூச்சு தடைபடும்.

மேலே போனதும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். புற ஊதாக் கதிரோ சுமார் 10 சதவீதம் கூடும். குளிரும்போதே தோல் கறுத்துப்போவது இதனால்தான். அடிவாரத்தில் இறுக மூடிய ஸ்ட்ரா பாட்டிலை 2000 மீட்டரில் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீர் பீய்ச்சும். குழந்தையின் முகத்துக்கு நேரே திறக்காதீர்கள்.

2500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால் உயர நோயை, அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உடல்நலக் குறைவை, மனதில் வையுங்கள். கார் குமட்டல் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். உயர நோய் வந்து சேர்ந்த சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில் தொடங்கும். பேசத் தெரியாத குழந்தை காரணமில்லாமல் அழும், பால் குடிக்காது, தூங்காது. அதற்கு மேல் ஏறாதீர்கள். சரியாகவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ விடியும்வரை காத்திராமல் இறங்கி மருத்துவரிடம் போங்கள். 3000 மீட்டருக்கு மேல் இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. குழந்தைகளோடு இன்னும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் திட்டமே போட வேண்டாம்.

இறக்கம்

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் கூடக் கூட, நடுக்காதுக்குள் காற்று போகும் குழாய் தானாகத் திறப்பதில்லை, விழுங்கினால்தான் திறக்கும். அதனால் இறக்கம் ஆரம்பிக்கும் முன் தூங்கும் பிள்ளையை எழுப்பி, பாட்டிலிலோ ஸ்ட்ராவிலோ அவ்வப்போது சப்பிக் குடிக்கக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கொட்டாவி விடும் விளையாட்டு போதும். சின்னவர்களுக்கு மிட்டாயும் சூயிங்கமும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் வலி கடுமையாகும். முடிந்தால் ஒரு நாள் தள்ளி இறங்குங்கள்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேடிக் வண்டியில் எல் (குறைந்த கியர்) அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். மின்சாரக் காரை உச்சியில் முழுதாகச் சார்ஜ் செய்யாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் மூலம் கிடைக்கும் பிரேக் பெருமளவு குறைந்துவிடும்.

கருகிய வாசனை வந்தாலோ பெடலின் பிடி மாறினாலோ ஓரங்கட்டுங்கள். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளையும், விரிசலும் விடும். மீண்டும் கிளம்பும்போது நடக்கும் வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பெடல் இன்னும் மெத்தென்று இருந்தால் வண்டியை எடுக்காமல் உதவிக்கு அழையுங்கள்.