பகலில் வெளிச்சம் போதவில்லை, இரவில் அதிகம்: வீட்டில் என்ன மாற்றலாம்?

விளக்கு எரிகிற அறை நம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் அளந்து பார்த்தால் பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். வெளியே மேகம் மூடிய பகலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை.

உடம்புக்கு உறைக்கும். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன, பகலா இரவா என்று மூளைக்கு முக்கியமாகத் தகவல் சொல்வது அவைதான், அதிலும் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். பகல் முழுக்க மங்கலான அறை, படுக்கும்வரை பளீர் விளக்கு என்று இருந்தால் இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தாமதமாகும், தூக்கம் தள்ளிப்போகும், காலையில் எழுவதே பெரும்பாடாகும்.

அதனால் காலையிலிருந்து தொடங்குங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியே இருங்கள், சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், திறந்த வானத்தின் கீழ் நடந்தாலே போதும். முடியாதவர்கள் ஜன்னலை ஒட்டி உட்காரலாம், ஆனால் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே போனாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும், எனவே வேலை செய்யும் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். அப்படிப் போட்டால் திரையிலும் கூசாது. குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம், தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

சரி, மாலைக்கு வருவோம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கூரை விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வாக வைத்த சிறிய விளக்கு ஒன்றிரண்டை மட்டும் போடுங்கள். பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை), 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் பகல் வேலைக்குத்தான் சரி. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே பிரகாசத்தில் எரிய விட்டால் பலன் குறைவு, அளவையும் குறைத்தே ஆக வேண்டும். 2022இல் நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரை, மேலே சொன்ன சாதாரண லக்ஸில் அல்லாமல் மெலனாப்சின் உணரும் அளவில் கணக்கிட்டு, கண் மட்டத்தில் பகலில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1 என்கிறது. படுக்கையறை உண்மையிலேயே இருட்டாக இருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். அதனால் தடிமனான திரைச்சீலை போடுங்கள், சார்ஜரில் மினுக்கும் விளக்கையும் மூடிவிடுங்கள்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, உள்ளே போகும் ஒளி குறைகிறது, அதனால் படிக்கும் இடத்தில் அவர்களுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் தரையை ஒட்டி மஞ்சள் நிற நைட் லேம்ப் இருக்கட்டும், தூக்கத்துக்காக இருட்டாக்கப் போய் அவர்கள் தடுக்கி விழுந்துவிடக் கூடாது.

அப்புறம், குளிர்காலம் வந்தாலே மனச்சோர்வு வருகிறவர்களுக்கு 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரும் சிகிச்சை இருக்கிறது. கண் நோயோ, அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்காதீர்கள்.