வெள்ளைப் பருத்தி துவைத்தும் ஏன் மங்குகிறது? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

துவைக்கத் துவைக்க வெள்ளை வேட்டி சாம்பல் பூத்தது போல ஆகிறதா? துணியை விட்டுப் போன அழுக்கு அதே தண்ணீரில் மிதந்து, மறுபடி நூலில் ஒட்டியிருக்கலாம். சோப்புத் தூளும், துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரும் இதில் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

1. பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் உள்ளங்கை அளவு நான்கு துண்டுகள் வெட்டுங்கள். புதுத் துணி வேண்டாம், கஞ்சி இருக்கும். அடையாளத்துக்கு மூன்றின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கத்தரியால் வெட்டு வையுங்கள். பேனா மை கரைந்து கெடுத்துவிடும். நான்காவது ஒப்பிட்டுப் பார்க்க.

2. அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சாஃப்ட்னர் கலந்து, மூன்றாவதை மட்டும் 5 நிமிடம் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து காயவையுங்கள்.

3. மெல்லிய துணியில் சலித்த செம்மண்ணை அரை டீஸ்பூன் வீதம் மூன்று மூடி போட்ட பாட்டில்களில் போட்டு, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவதில் மட்டும் அரை டீஸ்பூன் சோப்புத் தூளையும் கரையுங்கள்.

4. அந்தந்த எண் துண்டைப் போட்டு 10 நிமிடம் குலுக்குங்கள். தனித்தனியாக இரண்டு முறை அலசி, நிழலில் காயவையுங்கள்.

சரி, இப்போது பகல் வெளிச்சத்தில் நான்கையும் வெள்ளைத்தாள் மேல் வரிசையாக வையுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் வெளுப்பாக இருக்கும், மூன்றாவதில் செம்மண் சாயல் கூடுதலாகத் தெரியும்.

காரணம் மின்னூட்டம். தண்ணீரில் பருத்திக்கும் களிமண் துகளுக்கும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளும். பல சோப்புத் தூள்களில் சேர்க்கும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற பொருள் பருத்தியின் மேல் படிந்து அந்தத் தள்ளுதலைக் கூட்டுகிறது. சாஃப்ட்னரில் இருப்பதோ நேர்மின்னூட்டம் உள்ள பொருள். நூலில் படிந்து மென்மை தரும், மண்ணையும் இழுக்கும். போர் தண்ணீரின் கால்சியமும் அழுக்கையும் துணியையும் இணைக்கும் பாலமாகிவிடுகிறது.

அதனால் சாஃப்ட்னரைத் தூளோடு சேர்த்து ஊற்றவே கூடாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இரண்டின் வேலையும் கெடும். கடைசி அலசலில் மட்டும், குறித்த அளவு போதும். துவட்டும் துண்டுக்கு சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம், ஈரம் உறிஞ்சாமல் போகும். போர் தண்ணீரானால் தூளைச் சற்றுக் கூட்டுங்கள். மண் படிந்த உடுப்புகளை வெள்ளையோடு சேர்க்காதீர்கள், அப்புறம் மெஷினை அடைத்துத் திணிக்காதீர்கள்: அழுக்கைக் கொண்டுபோகத் தண்ணீருக்கு இடம் வேண்டும்.