நகர உணவு வழங்கலைப் பேரிடருக்கு ஆயத்தப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகரம் பேரிடருக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான நிர்வாகங்கள் கிடங்கில் எத்தனை டன் தானியம் இருக்கிறது என்ற கணக்கைத்தான் பதிலாக எடுத்து வைக்கின்றன. அந்தக் கணக்கு தேவையானதுதான். ஆனால் திட்டம் அதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவது மிகப் பரவலான தவறு. நகரத்துக்குள் உணவு நாள்தோறும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அன்றாட விற்பனையைப் பார்த்து மறுநாளைக்கான சரக்கை வரவழைக்கும் கடைகளில் பல பொருள்களுக்குச் சில நாள்களுக்கு மேல் கையிருப்பு இருப்பதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் எரிபொருள் கிடங்குகளையும் போராட்டக்காரர்கள் மறித்தபோது நாட்டில் உணவுப் பஞ்சம் எதுவும் இல்லை. ஆயினும் லாரிகளுக்கு டீசல் கிடைக்காமல் போனதால், சில நாள்களுக்குள்ளேயே பல்பொருள் அங்காடிகள் சில பொருள்களை அளவிட்டு விற்க நேர்ந்தது. ஆகவே திட்டமிடுவோர் முதலில் ஆராய வேண்டியது, வயலிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ தட்டு வரைக்கும் வரும் அந்த ஓட்டத்தில் எந்த இடம் அறுந்தால் எல்லாம் நின்றுபோகும் என்பதையே.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைப்பது செலவைக் குறைக்கும். அதனாலேயே நகரங்கள் அதை விரும்புகின்றன. பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று நிகழ்ந்த வெடிப்பு, சுமார் 1,20,000 டன் கொள்ளளவு கொண்ட தானியக் களஞ்சியத்தைச் சிதைத்தபோது, இறக்குமதித் தானியத்தை நம்பி வாழும் லெபனான் தன் முதன்மையான சேமிப்பிடத்தையும் அதைக் கப்பலிலிருந்து இறக்கும் வசதியையும் ஒரே நொடியில் இழந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பெய்ஜிங்கின் சின்ஃபாதி மொத்தச் சந்தை, தொற்றுப் பரவலால் மூடப்பட்டது. அந்த நகரத்துக்கு வரும் காய்கறியின் பெரும்பகுதி அந்தச் சந்தை வழியாகவே வந்துகொண்டிருந்ததால், நிர்வாகம் அவசரமாகத் தற்காலிக விற்பனை இடங்களை அமைக்க வேண்டியிருந்தது. பெருஞ்சந்தையைக் கலைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது மூடப்படும் நாளில் வணிகர்கள் எந்தத் திடலுக்கு மாற வேண்டும், அங்கே எடைக் கருவியும் விளக்கும் தண்ணீரும் யார் தருவது என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது, தப்பித்த நிகழ்வை ஆயத்தத்தின் வெற்றி என்று எண்ணிக்கொள்வது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பிராங்ஸ் பகுதியிலுள்ள ஹண்ட்ஸ் பாயிண்ட் உணவு விநியோக மையம் பெரும்பாலும் சேதமின்றித் தப்பியது. புயல் அலை உச்சத்தை எட்டிய வேளையில் அந்தப் பக்கத்துக் கடற்பகுதியில் நீர் தாழ்ந்திருந்ததே அதற்குக் காரணம். சில மணி நேரம் முன்பின் ஆகியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். அந்நகரம் இதை உணர்ந்து தன் உணவு வழிகளை ஆராயத் தொடங்கியது பாராட்டத்தக்கது. சேதமில்லை என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடிவிடுவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது.

மாற்றுவழி உண்டு என்று வரைபடத்தில் காட்டுவதும் ஏமாற்றக்கூடியது. கனடாவின் வான்கூவர் நகரத்தை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் நெடுஞ்சாலைகள் பல. இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களின் பாதைகளும் உண்டு. 2021 நவம்பர் மழையில் வெள்ளமும் நிலச்சரிவும் அவை அனைத்தையும் ஒரே வாரத்தில் துண்டித்தன. ஏனெனில் அவையெல்லாம் அதே மலைத்தொடரையும் அதே பள்ளத்தாக்குகளையும் கடந்தே வருகின்றன. அரசு எரிபொருளைத் தனி வாகனங்களுக்கு ஒரு முறைக்கு 30 லிட்டர் என்று கட்டுப்படுத்தியது. இரண்டு சாலைகள் ஒரே ஆற்றின் மீது அமைந்த இரண்டு பாலங்களை நம்பியிருந்தால், அவற்றை ஒரு வழியாகவே கணக்கிட வேண்டும். ஒரே மின்நிலையத்தை நம்பும் இரண்டு குளிர்பதனக் கிடங்குகளுக்கும் இது பொருந்தும்.

மின்சாரத்தை உணவோடு சேர்த்துச் சிந்திக்காதது, என் கணிப்பில், விளைவுகள் மிகுந்த தவறு. கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர்பதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமும், நிறைந்திருக்கும் உறைநிலைப் பெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும் உணவைக் காக்கும். அதன் பிறகு இருப்பில் உள்ள பொருளே நோய்க்குக் காரணமாகிவிடும். ஜெனரேட்டர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் திட்டங்கள், அதற்கான டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, தீர்ந்தபின் முன்னுரிமைப் பட்டியலில் உணவுக் கிடங்கு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதைக் குறிப்பதில்லை. பணமும் மின்சாரத்தையே நம்பி இருக்கிறது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது அட்டை வழிப் பரிவர்த்தனைகள் செயலிழந்தன. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களால் மட்டுமே பல கடைகளில் எதையும் வாங்க முடிந்தது. போர்ட்டோ ரிகோவில் 2017 செப்டம்பரில் மரியா புயலுக்குப் பிறகு இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றாகவே வந்தன. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான சரக்குப் பெட்டகங்கள் உணவும் தண்ணீரும் மருந்தும் சுமந்து காத்திருக்க, அவற்றை எடுத்துச் செல்ல ஓட்டுநரும் டீசலும் போதவில்லை, சாலைகளும் அடைபட்டிருந்தன. ஓட்டுநர்களைத் தொலைபேசியில் அழைக்கவும் இயலவில்லை.

ஓட்டுநர், சுமை தூக்குபவர், சமையல்காரர், குளிர்பதன எந்திரம் பழுது பார்ப்பவர் ஆகியோரும் அந்தப் பேரிடரில் வீடிழந்தவர்களாக இருக்கக்கூடும் என்பதைத் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. இவர்களுடைய குடும்பத்துக்குத் தங்குமிடமும், ஊரடங்கைக் கடக்க அனுமதிச் சீட்டும் உறுதியாகாவிட்டால் வேறெதுவும் நகராது. இன்றியமையாத் தொழில்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது உணவு உற்பத்தியாளரையும் கடைக்காரரையும் மட்டும் சேர்த்து, உறையும் மூடியும் தயாரிப்பவரை விட்டுவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் குடிநீர் இருந்தும் புட்டி மூடிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நிறுவனங்கள் தத்தம் அடையாளம் பொறித்த மூடிகளைக் கைவிட்டு, பொதுவான வெள்ளை மூடிக்கு மாற இசைந்த பின்னரே உற்பத்தியைக் கூட்ட முடிந்தது.

உணவு நகருக்குள் வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்ற எண்ணம், எல்லாவற்றிலும் கொடியது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவின் மொத்த அளவைவிட அதைப் பெறும் உரிமையும் வாங்கும் வலிமையும் ஏழைகளிடமிருந்து நழுவியதே அந்தச் சாவுகளுக்கு முதன்மையான காரணம் என்று வாதிட்டார். தினக்கூலியை நம்பி வாழ்பவருக்கு வேலை நின்ற மறுநாளே கடையில் நிறைந்திருக்கும் சரக்கு எட்டாததாகிவிடுகிறது. நிவாரணத்தை வீட்டு முகவரியோடும் குடும்ப அட்டையோடும் மட்டும் பிணைத்தால், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் தெருவில் வாழ்பவர்களும் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் சுமார் 37 கோடிக் குழந்தைகள் பள்ளி உணவை இழந்தார்கள் என்று ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டம் மதிப்பிட்டது. பள்ளி மூடும் ஆணையில் கையெழுத்திடும் அதிகாரியின் மேசையிலேயே அந்த உணவை வேறு வழியில் கொண்டுசேர்க்கும் ஆணையும் இருக்க வேண்டாமா?

கொடுக்கும் உணவு எது என்பதிலும் கவனம் வேண்டும். அவசரகால வழிகாட்டுநெறிகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்று கணக்கிடுகின்றன. அதைத் தானியமாக மட்டும் கொடுத்துவிட்டு, அடுப்பும் விறகும் தண்ணீரும் இல்லாத முகாமில் அதை எப்படிச் சமைப்பார்கள் என்று கேட்காமல் விடுகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களையும், மின்தூக்கி நின்றபின் மேல்மாடியிலிருந்து இறங்க இயலாத முதியவர்களையும் எண்ணிப் பார்ப்பவர் குறைவு. நன்கொடையாக வரும் குழந்தைகளுக்கான பால்மாவைக் கண்மூடித்தனமாக வழங்குவது நேரடியாகத் தீங்கு விளைவிக்கும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு அத்தகைய பால்மாவைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தாய்ப்பால் ஊட்டுவோருக்குத் தனியிடமும் உணவும் துணையும் தருவதே முதலில் செய்ய வேண்டியது. பால்மாவு தேவைப்படும் குழந்தைகளுக்கு மருத்துவப் பணியாளரின் மேற்பார்வையில் மட்டுமே அது தரப்பட வேண்டும்.

மாடித் தோட்டமும் நகர வேளாண்மையும் நல்லவை. வலியுறுத்தி வளர்க்க வேண்டியவை. எனினும் அவை பெரும்பாலும் கீரையையும் காய்கறியையும் தருமே ஒழிய, பல இலட்சம் பேருக்கான தானியத்தைத் தர இயலாது. வெள்ளத்தில் மூழ்கிய மண்ணில் விளைந்ததை அப்படியே உண்ணவும் கூடாது.

பல நகரங்களில் உணவுக்கென்று பொறுப்பேற்கும் துறை எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவும் நடக்கிறது. சுகாதாரம் ஒரு துறையிடமும், சந்தை வேறொன்றிடமும், போக்குவரத்து மூன்றாவதிடமும், பேரிடர் மேலாண்மை இன்னொன்றிடமும் இருக்க, ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். ஜப்பானின் கோபே நகரம், அங்குள்ள நுகர்வோர் கூட்டுறவு அமைப்போடு அவசரகாலப் பொருள் வழங்கலுக்கான உடன்படிக்கையை 1980இலேயே செய்துகொண்டது. 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் வந்தபோது அந்த உடன்படிக்கை பயன்பாட்டுக்கு வந்தது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த விலையில், யார் அழைத்தால் யார் அனுப்புவது என்பவற்றை அமைதிக் காலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையில் தெருவோர வியாபாரிகளையும் சிறு கடைக்காரர்களையும் சேர்க்க வேண்டும். முதலில் கடை திறப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

அவர்களை விட்டுவிட்டு நிவாரணத்தை வகுத்தால் மீட்சியிலும் தவறு தொடர்கிறது. சுற்றிலும் கடைகள் திறந்து சரக்கும் வந்தபின்னும் வெளியிலிருந்து வரும் இலவசப் பொட்டலங்களை வழங்கிக்கொண்டே இருந்தால், சேதத்திலிருந்து எழ முயலும் சிறு வணிகர் வாங்குவோரின்றி இரண்டாம் முறை நொடித்துப்போவார். எந்த நிலை வந்ததும் பொட்டலத்துக்குப் பதிலாகப் பணமோ பற்றுச்சீட்டோ வழங்குவது, அதை உறுதிசெய்யச் சந்தையின் விலையையும் வரத்தையும் யார் அன்றாடம் கண்காணிப்பது என்பதைத் திட்டத்தின் முதல் வரைவிலேயே குறித்துவிட வேண்டும்.