ஒரு எம்.பி. ஐரோப்பாவைப் பற்றி என்ன பேசினார்: ஹான்சார்டில் தேடுவது எப்படி

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதெல்லாம் ஹான்சார்ட் என்ற அதிகாரபூர்வப் பதிவேட்டில் பதிவாகிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். உறுப்பினரின் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் பேசியவை வரிசையாக வரும். ஆனால் ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்று மட்டும் தேடாதீர்கள், அந்தப் பெயரே 1993 நவம்பரில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் வந்தது. அதற்கு முந்தைய பேச்சுகளுக்கு ‘பொதுச் சந்தை’ (Common Market), ‘ஐரோப்பியச் சமூகம்’ (European Community) இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீளமான உரையோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொருவர் பேசும்போது இடையில் எழுந்து கேட்ட இரண்டு வரிக் கேள்வியில்தான் பல நேரம் ஒருவரின் உண்மையான கவலை தெரியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எழுத்துமூலக் கேள்விகளையும் பாருங்கள்.

பேச்சை வாக்கோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். கென்னத் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் எம்.பி. ஆனவர், கடைசிவரை ஐரோப்பாவின் பக்கம் நின்றவர். 2017 பிப்ரவரி 1 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறும் அறிவிப்புக்கான மசோதா இரண்டாம் வாசிப்பில் (மசோதாவின் அடிப்படை நோக்கத்தை விவாதித்து வாக்களிக்கும் கட்டத்தில்) 498-க்கு 114 என்று நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே கன்சர்வேட்டிவ் எம்.பி. அவர்தான். முந்தைய நாள் அவர் பேசியதையும் இந்த வாக்கையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் முழுசாகப் புரிவார்.

மேற்கோள் எடுத்தால் தேதியையும் பத்தி (column) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹான்சார்ட் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்காது, திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெளிப்படையான தவறுகளையும் நீக்கிவிடுவார்கள். சந்தேகம் வந்தால், சமீபத்திய விவாதங்களுக்கு வீடியோவைப் பார்த்துச் சரிபாருங்கள்.